எட்டு மணிக்கு வரும் மிஸ்டு கால்

போன மாதம் என்னை இளம் நர்ஸ்களான உங்கள் முன்னால் நிறுத்தி, முதியவர்களும் மருந்துகளும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். பின்னால் திரையில் படங்கள் ஓடின. நீங்களும் நல்ல பிள்ளைகளாகக் குனிந்து எழுதிக்கொண்டீர்கள். எழுதிக்கொள்ளும்படி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரையின் பெயர், அளவு, நேரம் எல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன. நான் செய்த ஒரு தப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்லாமல், கொடுத்த வடையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வடை நேரத்தில் உங்களில் ஒரு பெண் என்னிடம் வந்து ஒன்று கேட்டாள். நம் மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவின் போனுக்கு, பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு எண்ணிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு ரிங் வந்து நின்றுவிடுகிறதாம். திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லையாம். பிளாக் பண்ணிவிடலாமா மேடம் என்றாள். அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், விடு என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. நர்ஸிங் படித்து முடித்த கையோடு அம்பத்தூருக்கு வந்தேன், வந்தவள் திரும்பிப் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் இருந்தேன். பிறகு இந்தப் பிரிவு தொடங்கியபோது, கல்யாணம் காட்சி என்று எந்த இழுபறியும் இல்லாதவள் என்பதாலோ என்னவோ, ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆவடி, பாடி, மாங்காடு, திருமழிசை என்று சுற்றாத தெரு இல்லை.

வார்டில் மாத்திரை கொடுப்பது சுலபம். கையில் வைக்கிறோம், தண்ணீர் தருகிறோம், விழுங்குவதைப் பார்க்கிறோம். வீட்டில் அப்படி இல்லை. ஆவடியில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்து ஒரே எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்திருந்தார். ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, அட்டை அட்டையாகக் கிடந்தால் விருந்தாளி வரும்போது அசிங்கமாக இருக்கும் என்றார். நான் அந்த வீட்டுக்குப் போய்வந்த மூன்று வருஷத்தில் ஒரு விருந்தாளியையும் பார்க்கவில்லை. மாத்திரைக் குழப்பத்துக்குக் காரணத்தை எப்போதும் மாத்திரையிலேயே தேடாதீர்கள் என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த டப்பாதான்.

இப்போது ஏகாம்பரத்திடம் வருகிறேன்.

ஏகாம்பரத்துக்கு எழுபத்து நாலு வயது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மெஷின் இடது கையில் இரண்டு விரல்களைப் பாதிக்குப் பாதி எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி வருத்தமே கிடையாது, மீதி எட்டும் பத்திரமாக வந்ததே என்பார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் செல்வி, கல்யாணமாகி ஓசூரில். அயப்பாக்கத்தில் கீழ்வீட்டில் இவர் தனியாக இருந்தார். மாடியில் குடியிருந்த கணவனும் மனைவியும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். அவர்கள் ஏழு மணிக்குக் கிளம்பினால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று கேட்பது மோட்டார் போடும் சத்தம்தான்.

அவருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஒரு மாத்திரை. அதன் குணம் உங்களுக்குத் தெரியும். குறைந்தால் பக்கவாதம் வரும், கூடினால் ரத்தக் கசிவு வரும். அவருடைய சிக்கல் மறதிகூட இல்லை, சந்தேகம். மாத்திரையைப் போட்டுக்கொள்வார். டம்ளரைக் கழுவி வைப்பதற்குள், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வார். ஒருமுறை பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் மதியம் வரை நிற்கவில்லை.

“கூட ஒர்த்தர் இருந்தா, போட்டியா போடலையான்னு கேப்பாங்க. நானே கேட்டுகினு நானே பதில் சொல்லிகினு கீறேன் சிஸ்டர். ஒரே கொயப்பமா கீது” என்றார்.

நாள்வாரியாக அறை பிரித்த பெட்டி கொடுத்துப் பார்த்தேன். இன்றைக்கு என்ன கிழமை என்பதிலேயே சந்தேகம் வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றிய அன்று எனக்கு இருந்த தலைக்கனத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

விஷயம் இதுதான். காலை எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ரிங், உடனே துண்டித்துவிட வேண்டும். நான் எடுக்கமாட்டேன், நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொள்வேன். சந்தேகம் வந்தால் அவர் தன் போனைப் பார்த்தால் போதும். இன்றைக்கு சிஸ்டருக்கு ரிங் போயிருக்கிறது என்றால் மாத்திரையும் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ரிங், இரண்டாவது தடவை கூடவே கூடாது. அடித்துச் சொன்னேன். மூன்று முறை அவரையே திருப்பிச் சொல்லவைத்தேன்.

அருமையாக வேலை செய்தது. இரண்டு மாதத்தில் அவருடைய ரத்தப் பரிசோதனை ஒழுங்குக்கு வந்துவிட்டது. டாக்டர் பாராட்டினார். நான் அதையே மற்ற முதியவர்களுக்கும் பரப்பினேன். பேசினால் காசு போகும் என்று பயந்த காலத்தில் மிஸ்டு கால் கொடுத்துப் பழகிய தலைமுறை அது, சொல்லிக்கொடுக்கவே தேவைப்படவில்லை. எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள் என் போன் இருபத்து மூன்று முறை அடித்து அடித்து நிற்கும். நான் இருபத்து மூன்று டிக் போடுவேன். ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரையும் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை நான் மாங்காட்டில் ஒரு அம்மாவுக்கு இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தேன். புதிதாக அளவை மாற்றியிருந்தார்கள், ஊசியில் கோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் போன் அடித்தது. ஏகாம்பரம் பெயர் வந்தது, மணி எட்டு. நிற்கவில்லை. இரண்டாவது ரிங், மூன்றாவது, நாலாவது. மனுஷன் கட் பண்ண மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கை நீட்டி சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஊசியைப் போட்டு முடித்துவிட்டு நோட்டில் அவருக்கு ஒரு டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வீடு பார்த்தேன். பத்தே முக்காலுக்குப் பூந்தமல்லியில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, அடுத்த முகவரிக்காக நோட்டைத் திறந்தேன். அந்த டிக் கண்ணில் பட்டது. பதினான்கு மாதத்தில் அவர் ஒரு நாள்கூட இரண்டாவது ரிங் அடிக்கவிட்டதில்லை. மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் சொன்ன விதியை மீறவே மீறாத மனிதர். அவரா மறப்பார் என்று தோன்றியதும் போனை எடுத்தேன்.

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையாவது அனுப்பலாம் என்றால் என் பட்டியலில் அவருக்கு எதிரே இருந்தது அவர் எண்ணும் மகள் எண்ணும்தான். நல்ல நாளில் அதைக் கேட்டு எழுதிவைக்காதவள் நான். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்றால், என்னவென்று சொல்வது? ஒருவர் வழக்கத்தைவிட மூன்று ரிங் கூட அடித்தார் என்றா? அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு நான் சிரிப்பாய்ச் சிரித்துப்போவேன். அந்த டீக்கடை ஓரத்தில் ஐந்து நிமிஷம் இப்படி நின்றேன். அவருக்கு என்ன ஆகுமோ என்பதோடு எனக்கு என்ன பேர் வருமோ என்பதையும் சேர்த்து யோசித்த ஐந்து நிமிஷம் அது, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, தனியாக இருக்கும் முதியவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், மயங்கியிருக்கலாம் என்று முகவரி சொன்னேன். செல்விக்குப் போன் செய்தேன். அவள் பதறாமல் ஒரு வேலை செய்தாள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் எண் அவளிடம் இருந்தது. அதை எனக்குக் கொடுத்தாள். நான் கூப்பிட்டதும் அவர் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஓடினார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

“அக்கா, பெரியவரு சேர்ல குந்திகினுதான் கீறாரு” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “ஆனா பேச்சு கொயறுது. ஒரு கை அப்டியே தொங்குது. இன்னொரு கைல போன வெச்சி அதையே பாத்துகினு கீறாரு.”

அதாவது நான் கூப்பிட்ட இரண்டு முறையும் போன் அவர் கையில்தான் அடித்திருக்கிறது. என் பெயர் வருவதைப் பார்த்திருக்கிறார். எடுப்பதற்கான பொத்தானை அழுத்த அந்த நேரத்துக்கு அவரால் முடியவில்லை.

நான் வண்டியை விரட்டிக்கொண்டு போவதற்குள் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிவிட்டிருந்தது. தலைக்குள் ரத்தக் கசிவு. அன்றைக்கே அறுவை சிகிச்சை நடந்தது. செல்வி சாயங்காலம் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தாள். சிஸ்டர் நீங்கள் இல்லாவிட்டால் அப்பா போயிருப்பார் என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போது முழுக்கதை தெரியாது, ஆனாலும் அந்தக் கைப்பிடி எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று தெரிந்தது.

எட்டாம் நாள் அவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் பாத்ரூமில் வழுக்கித் தலை சுவரில் இடித்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று படுத்துவிட்டார். காலையில் எழுந்ததும் தலைவலி, ஒருமுறை வாந்தி. இந்த நிலையில் ரத்தம் இளக்கும் மாத்திரையைப் போடலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பாருங்கள், எவ்வளவு சரியான சந்தேகம். அதைக் கேட்கத்தான் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

“அடிச்சேன். நீங்க கட் பண்ட்டீங்க” என்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். “செரி, போட்டுக்கோன்னுதான் சொல்றீங்கன்னு நென்ச்சேன். போட்டுக்கினேன்.”

மறுபடி ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“ரெண்டாவது வாட்டி ரிங்கு கூடாதுன்னீங்களே சிஸ்டர்.”

குற்றம் சொல்லும் குரலே இல்லை அது. பாடம் ஒப்பிக்கிற குரல். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த ஒரு மாத்திரையால் இது வரவில்லை, விழுந்ததால் வந்தது, மருத்துவமனைக்கு வருவதற்குத் தாமதமானதால் மோசமானது என்று டாக்டர் விளக்கினார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எட்டு மணிக்கும் பதினோரு மணிக்கும் நடுவில் இருந்த அந்தத் தாமதம் முழுக்க என்னுடையது என்பது அவருக்குத் தோன்றவில்லை. விசாரித்தார்கள். விதிப்படிதான் நடந்திருக்கிறது, நோட்டில் டிக் இருக்கிறது, ஒரு நோயாளிக்கு ஊசி போடும்போது போனை எடுக்காதது சரிதான் என்று எழுதி மூடிவிட்டார்கள். யாராவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

நானும் ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டேன். இரண்டு கையிலும் வேலை இருந்தது, நான் என்ன செய்ய முடியும் என்று. ஆனால் சிவப்புப் பொத்தானை அழுத்த ஒரு விரல் இருந்ததே. அதே விரலால் பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஊசியை முடித்துவிட்டுப் பேசியிருக்கலாம். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பார். காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையே கிடையாது.

பிள்ளைகளே, அவருடைய சிக்கல் இன்னதென்று அவர் முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். கேட்பதற்கு ஒருவர் வேண்டும் என்றார். நான் என்ன செய்தேன்? கேட்காமலே பதில் வாங்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ரிங் நிற்பதற்குள் எடுக்க ஆரம்பித்தேன். எல்லோருடையதையும். முதல் நாள் பாதிப் பேர் பயந்துபோனார்கள், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று. மேலிடத்தில் ஒருவர் கணக்கும் கையுமாக வந்து, ஒரு நர்ஸின் காலை நேரம் முழுக்க அரட்டையில் போகிறது, இதற்கு இயந்திரக் குரலே போதும் என்றார். வைத்துப் பாருங்கள், ஆவடி டீச்சரம்மா அதற்கு இலக்கணப் பிழை திருத்துவார் என்றேன். அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை. இன்றைக்கும் நம் பிரிவில் எடுத்துப் பேசுகிற வழக்கம் இருப்பது அதனால்தான், காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஏகாம்பரத்தை செல்வி ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வேளைக்கு வேளை அவளே மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கவைத்தாள். ஆகவே அவர் எனக்கு ரிங் கொடுக்கத் தேவையே இல்லை. ஆனாலும் எட்டு மணிக்கு அடிக்கும். எடுப்பேன்.

“போட்டுக்கினேன் சிஸ்டர்” என்பார். அதோடு விடமாட்டார். “சாப்ட்டீங்களா?”

அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் சாப்பிட்டிருக்கமாட்டேன். சாப்பிட்டேன் என்பேன். நம்பமாட்டார். நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ணியாவது இரண்டு இட்லி போட்டுக்கொள்ளச் சொல்வார். இந்தச் சென்னையில் இத்தனை வருஷத்தில் நான் சாப்பிட்டேனா என்று தினமும் கேட்ட ஒரே மனிதர், நான் போனைத் துண்டித்த மனிதர். ஒன்றரை வருஷம் கேட்டார். பிறகு ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்கு போன் அடிக்கவில்லை. எட்டேகாலுக்கு செல்வியின் எண்ணிலிருந்து அடித்தது. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. கடைசி நாளில் நோட்டையும் பிரிவின் போனையும் ஒரு கவரில் போட்டு ஒப்படைத்தேன். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கொரட்டூரில் என் வீட்டில் மாட்டினேன், எட்டு மணிக்கு நன்றாகவே மணியடிக்கிறது. எனக்கும் இப்போது பிரஷர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. காலையில் மூன்று மாத்திரை. முதல் முதலாக ஒரு நாள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், போட்டேனா இல்லையா என்று சந்தேகம். ஆயிரம் பேருக்கு மாத்திரை கொடுத்த எனக்கு. சுற்றிப் பார்த்தேன், கேட்க யாரும் இல்லை. விரல் தானாகப் போய் எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணை அழுத்தியது. ஒரு ரிங் போனதும் துண்டித்துவிட்டேன்.

ஆமாம், பட்டியலில் இல்லாத அந்த எண் என்னுடையதுதான். நீங்கள் திருப்பிக் கூப்பிடும்போது எடுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவளும் நான்தான். எடுத்தால் என்ன சொல்வது? உங்கள் பழைய ஹெட் நர்ஸுக்கு வீட்டில் பேச ஆளில்லை என்றா? கூச்சப்படாமல் கூப்பிடுங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் தேடிப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கூச்சம் இருக்கிறது. ஒரு ரிங் கூடினாலும் குறைந்தாலும், அதற்குப் பின்னால் ஒருவர் வெகுநேரம் யோசித்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் பண்ணலாமா என்று கேட்ட பெண்ணே, பட்டியலின் கடைசியில் என் பெயரை எழுதிக்கொள். பக்கத்துவீட்டுக்காரர் எண்ணையும் தருகிறேன், அதையும் எழுதிக்கொள். நாளைக்கு எட்டு மணிக்கு அடிக்கும். இந்தத் தடவை நான் துண்டிக்கமாட்டேன். உனக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தால், எடுத்து, கொஞ்சம் இருங்க மேடம் என்று சொல்லிவிட்டு மேசைமேல் வை. வேலையை நிதானமாக முடித்துக்கொண்டு வா, நான் லைனில் இருக்கிறேன்.